ஒரே அடுப்பு, மூன்று வாளி

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பது என் தொழிலின் ஒரு பாதி, கிடைத்த பதிலை அட்டையில் ஓட்டைகளாகப் போட்டு இயந்திரத்துக்கு ஊட்டுவது மறுபாதி. எழுபதுகளின் பின்பகுதியில் தொடங்கிப் பல வருடங்கள், கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுப் பிரிவில் இதைச் செய்தேன். நாய்க்குப் பயந்து வேலிக்கு வெளியே நின்று கூவியவர்கள், உச்சி வெயிலில் "அப்புறம் வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர்கள், அல்லது கதவுக்கு உள்பக்கம் நின்று "இன்னும் எத்தனை கேள்வி இருக்கு?" என்று நெளிந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். எந்தப் பக்கம் நின்று அவதிப்பட்டிருந்தாலும் நீங்கள் எனக்கு உறவுக்காரர்கள்தான்.

நான் படித்தது ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. பிறகு ஒரு மரக்கடையில் கணக்கு எழுதும் கிராணி வேலை. மஸ்ஜித் இந்தியா பக்கம் நடைபாதையில் வாங்கிய பழைய புள்ளியியல் புத்தகத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலை என்று சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகம் நான் ஓய்வுபெறும் வரை நீண்டது. பல ஊர்களில் எண்ணியிருக்கிறேன். இங்கே சொல்வது ஒரே ஒரு இடத்தைப் பற்றி: கிள்ளானில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு கம்பம், அதாவது ஒரு சிறு குடியிருப்பு.

முதல் நாள்

அந்தக் கம்பத்தில் முப்பத்தெட்டு பலகை வீடுகள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் பிஸ்கட் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள். ஆற்றுக்குக் கரைகட்டப் போகிறார்கள், கம்பத்தை எடுத்துவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு அடுக்குமாடி வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று நில அலுவலகம் முடிவு செய்திருந்தது. எத்தனை குடும்பம் என்று எண்ணித் தரும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. அதாவது நாங்கள் எழுதும் எண்தான் அவர்களுக்குக் கிடைக்கப்போகும் வீடுகளின் எண்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கையில் கேள்விகள் அச்சடித்த பாரக் கட்டு, சட்டைப்பையில் மூன்று பென்சில். முதல் வீட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன்" என்றேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. வயது முப்பத்தைந்து இருக்கும். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒரு மாணவர் இப்படித்தான் வந்து, வீடு வீடாக ஏறி, மூன்று நாள் எழுதிக்கொண்டு போனாராம். போனவர் போனவர்தான்.

துடைப்பத்தைச் சுவரில் தட்டிவிட்டு, பாக்கியம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எங்க பதிலையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனாரே அந்தப் பையன், அவரு பாஸ் பண்ணிட்டாராண்ணே?"

சிராப் தண்ணீர்

கம்பத்து மக்கள் கேள்வியை நம்பவில்லை, ஆனால் விருந்தாளியை விடவில்லை. நுழைந்த வீட்டிலெல்லாம் சிவப்பு நிறத்தில் ரோஜா சிராப் கலக்கி ஒரு கிளாஸ் வைத்தார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். பாரத்தில் பதினேழாவது கேள்வி, "வீட்டில் கழிவறை உண்டா?" பத்து வீட்டில் கேட்டேன், பத்து வீட்டிலும் "உண்டு" என்றார்கள். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

பதினோராவது வீட்டில் சிராப் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அங்கேயும் "உண்டு" என்று எழுதி முடித்துவிட்டு, கூச்சத்தோடு, கொஞ்சம் போய்வரலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், நல்ல மனிதர். என் தோளில் கை வைத்து, ஆற்றோரத்தில் தெரிந்த பொதுக் கொட்டகையைக் காட்டிச் சொன்னார்: "அது பாரத்துல இருக்குண்ணே. வீட்ல இல்ல."

ஒரே அடுப்பு

குடும்பம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் பாரத்தில் ஒரு விளக்கம் இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று குடும்பம். விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் அதை எப்படிக் கேட்பது என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முன்வாசலில், வீட்டுக்குப் பெரியவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு?" என்று உரக்கக் கேட்டேன்.

பாக்கியம் அக்காவின் வீட்டுக்குப் பெரியவர் அவருடைய மாமியார் அஞ்சலையம்மாள். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினான்கு பேர். நான் கேட்ட கேள்விக்கு உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. பாக்கியம் அக்கா கதவோரம் நின்று தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தையும் கவனிக்கவில்லை, விரலையும் கவனிக்கவில்லை. பென்சிலைத்தான் கவனித்தேன். அஞ்சலையம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணுன்னு எழுதிக்க தம்பி. ரெண்டுன்னு எவளாவது சொன்னா அவ என் மருமக இல்ல."

நனைந்த குடும்பங்கள்

அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் என்பது ஓர் அட்டை. பாரத்தில் இருக்கும் பதில்களை எண்களாக மாற்றி, அந்த எண்களை அட்டையில் ஓட்டைகளாகக் குத்த வேண்டும். கணினி ஒரு வகுப்பறை அளவுக்கு இருக்கும். குளிரூட்டிய அறையில் அதற்குத் தனி மரியாதை. குத்தும் பிரிவு ஒரு கட்டடத்திலும் கணினி இன்னொரு கட்டடத்திலும் இருந்தன. நடுவில் திறந்த புல்வெளி.

கிள்ளான் அட்டைகளை எடுத்துக்கொண்டு நான் புல்வெளியின் பாதியில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சட்டைக்குள் பெட்டியை மறைத்துக்கொண்டு ஓடியும் அட்டைகள் ஊறி உப்பிவிட்டன. இயந்திரம் நான்கு அட்டையை விழுங்கிவிட்டு ஐந்தாவதில் சிக்கிக்கொண்டு கத்தியது. கணினி அறைப் பொறுப்பாளர் லிம் பொறுமையானவர். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்பி, விசிறியைத் திருப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "பாஸ், யுவர் பீப்பிள் ஆல் வெட் லா. லெட் தெம் ட்ரை ஃபர்ஸ்ட்."

சரோஜா வாசித்தது

மழையில் நனைந்ததால் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. எண்கள் எழுதிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆனதும், என் மனைவி சரோஜா தாளைப் பார்த்து வாசிப்பாள். நான் இயந்திரம் அச்சடித்த பட்டியலில் அந்த எண்ணைத் தேடி டிக் போடுவேன். அவளும் என்னைப் போலவே ஆறாம் வகுப்புதான். ஆனால் எண்களை வாசிக்கும்போது ஒரு தடவைகூட வரி தவறமாட்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி.

"பன்னெண்டு பேரு, அடுப்பு ஒண்ணு. ஒம்பது பேரு, அடுப்பு ஒண்ணு. பதினாலு பேரு, அடுப்பு ஒண்ணு." இப்படியே போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். நான் பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பதினான்கு பேரில் கல்யாணமான பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். மாமியாரைச் சேர்த்து நான்கு என்றேன். நான் எங்கே உட்கார்ந்து கேட்டேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் விசாரித்தாள். எல்லாம் சொன்னேன்.

தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மாமியார் முன்னால போய் இதைக் கேட்டீங்களாக்கும். மூணு மருமக ஒரே அடுப்புல சமைக்கிற வீட்ட நான் பார்க்கணுமே, என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க."

டாக்டரின் பென்சில்

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். கோபப்பட மாட்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டுவது நின்றால் ஆபத்து. நான் விஷயத்தைச் சொன்னதும் தட்டுவது நின்றது.

சிக்கல் என்னவென்றால், நில அலுவலகம் அவசரப்படுத்தியதால் டாக்டர் மொத்த எண்ணிக்கையை மட்டும் முன்கூட்டியே கடிதத்தில் அனுப்பிவிட்டார். முப்பத்தெட்டு வீட்டில் நாற்பது குடும்பம் என்று. அடுத்த மாதம் அவர்கள் பட்டியலை முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டால் அஞ்சலையம்மாள் வீட்டுப் பதினான்கு பேருக்கும் இரண்டு அறை கொண்ட ஒரே வீடு. அந்த மாதிரி எத்தனை வீடு என்று எனக்கே தெரியாது. தப்பு என்னுடையது, கையெழுத்து அவருடையது. "சந்தேகம் எண்டு எழுதி நான் அனுப்பேலாது. சரியான எண்ணிக்கையைக் கொண்டு வாரும். மூண்டு கிழமை இருக்கு" என்றார். தலையாட்டிவிட்டுக் கதவு வரை போனேன். பின்னாலிருந்து, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். என்ன படித்தவர் என்றார். ஆறாம் வகுப்பு என்றேன்.

பென்சில் மறுபடி தட்டத் தொடங்கியது. "அப்ப நாங்கள் உம்மை விட்டிட்டு அவவை வேலைக்கு எடுத்திருக்கலாம் ஐசே."

பைப்படி

மறுபடி வீடு வீடாகப் போய் அடுப்பைக் கேட்டால் அதே பதில்தான் வரும் என்று எனக்கே தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் கிள்ளானுக்குப் போய்க் கம்பத்து வாசலில் நின்றேன். கம்பத்துக்கு ஒரே ஒரு பொதுக் குழாய். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். குழாயிலிருந்து தொடங்கி, வேலியோரமாக வளைந்து, கோயில் கொட்டகை வரை வாளிகள் வரிசையாக நின்றன. ஆட்கள் இல்லை, வாளிகள் மட்டும். ஒவ்வொன்றிலும் சாயத்தில் ஓர் அடையாளம்: ஒரு பூ, ஒரு நட்சத்திரம், ஓர் எழுத்து. வரிசையை ஆண்டுகொண்டிருந்தவர் பாக்கியம் அக்கா.

நான் என் தப்பை ஒளிக்காமல் சொன்னேன். அடுப்பு தவறாக எழுதப்பட்டால் வீடு குறையும் என்றும் சொன்னேன். அவர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தள்ளிவிட்டு அடுத்ததை வைத்தார். அப்புறம், வரிசையில் மூன்று வாளிகளைக் கையால் காட்டினார். மூன்றிலும் நீல நிறத்தில் மாங்காய் வரைந்திருந்தது. ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு புள்ளி, ஒன்றில் மூன்று. "எங்க வீடு" என்றார். கம்பத்துச் சட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தனியாகச் சமைப்பவள் தனி வாளி வைப்பாள். ஒரு சமையலுக்கு ஒரு வாளி, அதற்கு மேல் வைத்தால் சண்டை வரும். ஒரு மருமகள் முதல்முதலாகத் தன் வாளியை வரிசையில் வைக்கும் காலையில் கம்பம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். ஆனால் வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் எண்ணலாமா என்று கேட்டேன். எண்ணலாம், ஆனால் மூன்று விஷயம் என்றார். வீட்டுக்குள் போய் அடுப்பு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. எழுதினதைத் தமிழில் ஒரு பிரதி கம்பத்துக்குக் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று: "உங்க டாக்டர் இங்க வந்து எங்க முன்னால படிச்சுக் காட்டணும். பாஸ் பண்ணிட்டு ஓடிப் போற கத இந்தத் தடவ வேணாம்ணே."

புது வாளிகள்

அன்றைக்கு அறுபத்தொரு வாளி எண்ணினேன். ஒரே நாள் எண்ணிக்கையை நம்பக்கூடாது என்று புள்ளியியல் புத்தகத்தில் படித்திருந்ததால், அடுத்த சனிக்கிழமையும் போனேன். எழுபத்தொன்பது வாளி! வரிசை கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தது. வாளிக்கு ஒரு வீடு என்று செய்தி பரவியிருக்கிறது. பாசாரில், அதாவது சந்தைக் கடைகளில், அந்த வாரம் பிளாஸ்டிக் வாளி நன்றாக விற்றிருக்க வேண்டும்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் அக்கா உட்காரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வரிசையின் கடைசியிலிருந்து நடந்து வந்தார். ஒவ்வொரு வாளியாகத் தூக்கி அடியைப் பார்ப்பார். பாசி பிடித்திருந்தால், பிடி வளைந்திருந்தால், சாயம் உரிந்திருந்தால் அப்படியே வைப்பார். பளபளவென்று இருந்தால் வேலிக்கு அந்தப்பக்கம் வீசுவார். பதினெட்டு வாளி பறந்தது. கோயில் கமிட்டித் தலைவர், கம்பத்திலேயே மரியாதைக்குரியவர், "அது என்னோடதும்மா, நம்ம வீட்டுக்கு" என்று முணுமுணுத்தார். அக்கா அந்த வாளியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "கடைச்சீட்டுகூடக் கிழிக்கலியே தலைவரே, இதுல என்னைக்குத் தண்ணி புடிச்சீங்க?"

கோயில் கொட்டகையில்

டாக்டர் குணரத்தினம் வந்தார். கோட் போடவில்லை, டை மட்டும் கட்டியிருந்தார். கொட்டகையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தார்கள். அவருக்கும் சிராப். நான் பட்டியலைத் தமிழில் வாசித்தேன். வீட்டு எண், ஆட்கள், வாளி. அடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. அஞ்சலையம்மாள் வீடு வந்தது. "ஆட்கள் பதினான்கு, வாளி மூன்று" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மாள் பெருமையாகத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க வீட்டுக்கு மூணு வாளி" என்றுகூடச் சொன்னார்.

எல்லாம் வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளுக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கும் கணவன் மனைவி இருவருக்கும் காது கேட்காது, வாய் பேச வராது. குழாயடியில் யாராவது கூப்பிட்டால் தெரியாது என்பதால் அவர்களுக்கும் சேர்த்து இவளே தன் வாளியில் பிடித்துக் கொடுக்கிறாள். "எங்க வாளில ரெண்டு குடும்பம் குடிக்குது சார், அவங்க பேரு எங்கயும் வரல்லியே" என்றாள். வாளியே இல்லாதவர்களை வாளி காட்டாது. எனக்கோ என் புத்தகத்துக்கோ அது தோன்றவில்லை. அறுபத்திரண்டு என்று திருத்தினேன். டாக்டர் தன் பென்சிலை எடுத்து அவருடைய பிரதியில் தானே திருத்தினார்.

கிளம்பும்போது டாக்டர் பாக்கியம் அக்காவிடம், இந்த அறிக்கையில் எங்கள் பெயரோடு கம்பத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் போடலாமா, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று கேட்டார். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா சொன்னார்: "போடுங்க சார். தப்பா இருந்தா உங்கள மட்டும் ஏன் திட்டணும், எங்களையும் சேர்த்துத் திட்டட்டும்."

நில அலுவலகம்

ஒரு பெரிய மனிதர் தான் அனுப்பிய எண் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதை என் வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, அன்று டாக்டர் எழுதிய கடிதம். மற்றது இந்தக் கதையில் வராது. கடிதத்தையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அவர், நான், பாக்கியம் அக்கா மூவரும் நில அலுவலகம் போனோம். அக்கா தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டிருந்தார்.

அதிகாரி ஒரு நடுத்தர வயது மலாய்க்காரர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இனி பால்டி அபா?" என்றார். இது என்ன வாளி என்று கேட்கிறார். டாக்டர் நல்ல மலாயில் ஆரம்பித்தார். குடும்ப அமைப்பு, சமூக மதிப்பு, கேள்வி கேட்கும் முறை என்று நீண்டுகொண்டே போயிற்று. அதிகாரியின் கண் மெல்லச் செருகியது. அக்கா நடுவில் புகுந்தார். அவருடைய மலாய் பாசார் மலாய். மாமியார், மருமகள், அடுப்பு, வாளி, இந்த நான்கு சொல்லை வைத்துக்கொண்டு கையாலும் கண்ணாலும் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பழைய கடிதத்தில் இருந்த நாற்பதை அடித்துவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார்.

எழுதி முடித்து, மூடியைத் திருகிப் பேனாவை மூடிக்கொண்டே மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எங்கள் கம்பத்திலும் என் அம்மா ஒரே பானை என்றுதான் சொல்வார். அந்தப் பானையிலிருந்து என் மனைவி ஒரு நாளும் சாப்பிட்டதில்லை."

சாவி

அடுக்குமாடி கட்ட இரண்டு வருடம் ஆகும் என்றார்கள், மூன்றரை ஆயிற்று. அதற்குள் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த ஊரில் எண்ணினாலும், அட்டவணை அச்சுக்குப் போகும் முன்பு அந்த ஊருக்குப் போக வேண்டும். வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் அச்சு. சில மாணவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் பென்சில் தட்டுவதை நிறுத்திப் பார்ப்பார், முணுமுணுப்பு நின்றுவிடும். அட்டைகள் போய் மேசைக் கணினி வந்தது. நான் அதையும் ஒரு பழைய புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டேன். சரோஜா அதைப் பார்க்கவில்லை. கம்பத்துக்கு வீட்டுச் சாவி கொடுத்ததற்கு முந்தைய வருடம், தீபாவளிக்குள் கண்ணை மூடிவிட்டாள். கடைசி வரை, கிள்ளானுக்கு எப்போது கூட்டிப்போகப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சாவி கொடுக்கும் நாளில் தனியாகப் போனேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். காது கேளாத தம்பதியைப் பக்கத்து அறைப் பெண் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாள். பாக்கியம் அக்காவும் இரண்டு ஓரகத்திகளும் ஆளுக்கொரு சாவி வாங்கினார்கள். மூன்றும் ஒரே மாடியில். வாங்கிய கையோடு மூன்று சாவியையும் கொண்டுபோய் அஞ்சலையம்மாளின் கையில் கொடுத்தார்கள். அந்த அம்மாள் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஒருத்தி சும்மா இருக்கவில்லை. "என்ன அத்தை, ஒரே அடுப்புன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இப்ப மூணு சாவியா?" என்று சீண்டினாள். அஞ்சலையம்மாள் இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, முன்பு என்னிடம் சொன்ன அதே குரலில், மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அடுப்பு இன்னைக்கும் ஒண்ணுதான்டி. வாளிதான் மூணு."

இத்தனை வருடம் மற்றவர் வீட்டுப் பதில்களையெல்லாம் சந்தேகப்பட்டுச் சரிபார்த்துப் பிழைத்த எனக்கு, இப்போது யாராவது பாரத்தோடு வந்து கேட்டால் நான் சொல்லும் "ஒரு ஆள், ஒரு அடுப்பு, ஒரு வாளி" என்பதுதான் சரிபார்க்க வேண்டிய வேலையே இல்லாத ஒரே பதில்.